நகரமும் நிழலும்: கெடாத் தோட்டங்கள் நமக்குக் கற்பித்தவை



மொழி மன்றத்தின் மேடையில் மரங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். நம் மாநிலத்தின் ஊர்ப்பெயர்களே அதற்கு விடை தருகின்றன. தலைநகர் அலோர்ஸ்டாரின் பெயரில் அலோர் என்பது நீரோடையைக் குறிக்கும். செத்தார் என்பது மாவுக்கு உறவான ஒரு பழமரம். கூலிம் என்னும் நகரின் பெயர், பூண்டு மணம் வீசும் ஒரு காட்டு மரத்தின் பெயரிலிருந்து வந்ததென்பர். போக்கோக் சேனா என்றால் சேனா மரம் என்று பொருள். வட மாநிலத்தார் சேனா என அழைப்பது அங்சானா மரத்தை. அது நம் குறிஞ்சி நிலத்து வேங்கையின் நெருங்கிய இனம். மரத்தைக் கண்டு ஊருக்குப் பெயரிட்ட மக்களின் நிலத்தில் நாம் வாழ்கிறோம். பெயர்கள் நிலைத்துள்ளன. அப்பெயர்களைத் தந்த மரங்களின் நிழல்தான் நம் நகரத் தெருக்களில் அரிதாகிவிட்டது.

தமிழிலும் இத்தகைய சொல் ஒன்றுண்டு. இருமருங்கும் மரங்கள் செறிந்த பாதை என்பது சாலை என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருள்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் இராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் சாலைகள் அப்பொருளுக்குச் சான்றாக மக்கள் நினைவில் வாழ்கின்றன. மலாய்மொழியில் தாமான் என்றால் பூங்கா. நாம் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதிகள் அனைத்தும் தாமான் என்றே வழங்கப்படுகின்றன. மரமில்லாத சாலை வழியே நடந்து பூங்காவில்லாத தாமானுக்குச் செல்லும் நிலை நம்மிற் பலர்க்கு நாள்தோறும் வாய்த்திருக்கிறது. இச்சொற்களுக்கு அவற்றின் பொருளை மீட்டுத் தருவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கெடாவின் வெயில்

நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 டிகிரி செல்சியஸ். அது 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், நம் அண்டை மாநிலமான பெர்லிசில் உள்ள சுப்பிங்கில் பதிவாயிற்று. தீபகற்பத்தின் வடமேற்கு மூலை இவ்வாறு காய்வதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றின் மழையை நடுமலைத்தொடர் கிழக்குக் கரையிலேயே பெரிதும் தடுத்துவிடுகிறது. ஆகவே சனவரி தொடங்கி மார்ச்சு வரை கெடாவிலும் பெர்லிசிலும் வறட்சி நிலவுகிறது. மார்ச்சு இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நண்பகற் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறான்.

வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலைகளாக வகுத்திருக்கிறது. நாள்தோறும் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களேனும் 35 முதல் 37 டிகிரி வரை இருப்பின் அது முதல் நிலை. 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை. 40-ஐக் கடந்தால் மூன்றாம் நிலை. எல் நினோவின் தாக்கம் மிகுந்திருந்த 2024-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கெடாவின் பல மாவட்டங்கள் இந்த எச்சரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றதை நாம் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்திய ஆண்டு, 2023 ஏப்ரலில், கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்தான். வெயிலின் கடுமையால் மாணவர்கள் விளையாட்டு உடையில் பள்ளிக்கு வரலாம் எனக் கல்வி அமைச்சு அந்நாள்களில் இசைவளித்தது. வெயில் என்பது இனி வியர்வையோடு முடிந்துபோகும் செய்தியன்று.

இவ்வெப்பத்தின் மேல் நகரம் தன் பங்கையும் சேர்க்கிறது. தார்ச்சாலை, கற்காரைச் சுவர், தகரக்கூரை ஆகியன பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் அதனை மெல்ல வெளிவிடுகின்றன. சுற்றுப்புற நாட்டைக் காட்டிலும் நகரம் சூடாக இருக்கிறது என்பதை இலண்டன் நகரில் இலூக் ஓவர்டு என்பார் அளந்து 1818-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு முன்னோடி. இன்று அதனை நகர வெப்பத் தீவு என்கிறோம். குளிரூட்டிகள் இதற்கு மருந்தாகா. அவை வீட்டினுள் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டுகின்றன. குளிரூட்டி உள்ளவர் வீட்டுச் சூடு, அது இல்லாதவர் நடக்கும் வழியில் இறங்குகிறது.

பால்மரம் கற்பித்த பாடம்

மரம் எவ்வாறு குளிர்விக்கிறது என்பதைத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, இருள் பிரியும் வேளையிலேயே நிரையில் நின்று பால்மரம் சீவினார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதன் காரணத்தை அறிவியல் கூறுகிறது. கதிரவன் எழுந்ததும் இலைகள் நீரை ஆவியாக வெளியிடத் தொடங்குகின்றன. வேர் உறிஞ்சும் நீர் இலையை நோக்கி விரைகிறது. பட்டையினுள் உள்ள நீரழுத்தம் தளர்கிறது. அதனாற் பால் தளர்கிறது. பால்வெட்டுத் தொழிலாளியின் மங்கில் குறைந்த அந்தப் பால், மரம் காற்றைக் குளிர்விக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம்.

அக்குளிர்ச்சியின் அளவைக் கணக்கிட்டும் காட்டலாம். நூறு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 67 கிலோவாட் மணி வெப்பம் தேவை. நன்கு வளர்ந்த பெருமரம் ஒன்று, மண்ணில் ஈரம் இருப்பின், ஒரு நாளில் அந்த அளவு நீரை வெளியிட வல்லது. ஒரு குதிரைத்திறன் கொண்ட குளிரூட்டி ஒரு நாள் முழுவதும் ஓயாது இயங்கி அகற்றும் வெப்பத்திற்கு அது ஏறக்குறைய ஈடாகும். மரத்திற்கு மின்கட்டணம் இல்லை; அது எடுத்த வெப்பத்தைத் தெருவில் கொட்டுவதுமில்லை.

எனினும் ஒன்றை மறைக்காமற் கூற வேண்டும். நம் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் ஆவியாதல் மெதுவாகவே நிகழும். பாலைநிலத்து நகரில் மரம் தரும் ஆவிக்குளிர்ச்சி முழுவதையும் நாம் எதிர்பார்த்தல் கூடாது. வெப்பமும் ஈரமும் கூடிய நம் நாட்டில் மரத்தின் முதற்பணி நிழல். வெயிலில் கிடக்கும் தரைக்கும் மரநிழலில் கிடக்கும் தரைக்கும் இடையே மேற்பரப்பு வெப்பத்தில் 11 முதல் 25 டிகிரி வரை வேறுபாடு இருக்கக்கூடும். நடந்து செல்பவரின் உடல் உணர்வது காற்றின் வெப்பத்தை மட்டுமன்று. மேலிருந்து இறங்கும் கதிரையும் கீழிருந்து எழும் அனலையும் சேர்த்தே உணர்கிறது. ஆகையால் நகரில் எத்தனை மரங்கள் உள்ளன என்னும் கேள்வியைவிட, மக்கள் நடக்கும் இடத்தில் நிழல் விழுகிறதா என்னும் கேள்வியே முதன்மையானது.

நிழல் யாருடையது?

1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து மலாயாவின் ரப்பர்க் காலம் தொடங்கிற்று. 1909-ஆம் ஆண்டின் ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் கெடா ஆங்கிலேயரின் செல்வாக்கினுள் வந்தபின், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் தோட்டங்கள் விரைந்து பெருகின. அத்தோட்டங்களை நட்டு வளர்த்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

தோட்டக் காலத்தைப் பொற்காலமாகப் போற்ற நாம் இங்குக் கூடவில்லை. மழைக்காட்டை அழித்தே அத்தோட்டங்கள் எழுந்தன. குறைந்த கூலியும் கடும் உழைப்பும் அவற்றின் வரலாறு. எனினும் லயத்து வீட்டின் பின்புறம் தொடங்கிப் பள்ளிக்கூடம் வரை, பள்ளிக்கூடம் தொடங்கிக் கோயில் வரை, மரத்தடியிலேயே நடக்கும் வாழ்க்கை நமக்கு இருந்தது. தோட்டத்துக் கோயில்கள் பலவும் அரசு, வேம்பு ஆகியவற்றின் அடியிலேயே தொடங்கின. அந்த நிழலை நமக்கென்று யாரும் நடவில்லை. பாலுக்காக நட்ட மரத்தின் உபரியாக அது கிடைத்தது. மரம் நிறுவனத்தின் உடைமை. நிழலும் அதன் உடைமையே.

ஆகவே ரப்பரின் விலை சரிந்து செம்பனை வந்தபோதும், பின்னர் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோதும், மரங்களும் மக்களும் ஒருங்கே வெளியேற்றப்பட்டனர். செம்பனை அதே நிழலைத் தருவதில்லை. சபாவில் நடத்தப்பெற்று 2015-இல் வெளியான ஆய்வொன்று, முதுகாட்டைவிடச் செம்பனைத் தோட்டத்தின் உச்ச வெப்பநிலை 6.5 டிகிரி வரை மிகுந்திருந்ததைக் கண்டறிந்தது. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்களுள் பல, மலிவுவிலை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. தாழ்ந்த கூரை, குறுகிய முற்றம், மேற்கு நோக்கிய சுவர், வண்டிகள் நிறைந்த தெரு என்பனவே அங்கு அவர்களை எதிர்கொண்டன. ஐம்பது ஆண்டுகள் மரங்களை வளர்த்த முதியவர் ஒருவர், பேருந்து நிறுத்தத்தில் நிழலின்றி நிற்கிறார். இதனை ஊழ் என்று விட்டுவிடுவதற்கில்லை. பிறர் உடைமையின் உபரியாகக் கிடைத்த நன்மை, உடையவர் கைமாறும்போது போய்விடும் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். நிழல் இனி உபரியாகக் கிடைத்தல் போதாது; குடிநீரைப்போல, தெருவிளக்கைப்போல, அது பொதுவுடைமையாகத் திட்டமிட்டுப் பங்கிடப்படல் வேண்டும்.

சட்டம் தரும் பிடிமானம்

இக்கோரிக்கைக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995-இல் செய்யப்பட்ட திருத்தம், மரங்களைக் காக்கும் பிரிவுகளைச் சேர்த்தது. ஊராட்சி மன்றங்கள் தனி மரத்திற்கோ மரத்தொகுதிக்கோ பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். அத்தகைய ஆணை இல்லாத மரமாயினும், அதன் சுற்றளவு 0.8 மீட்டரைக் கடந்திருப்பின், எழுத்து வழி இசைவின்றி வெட்டுதல் கூடாது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து விளைக்கும் மரம் போன்றவற்றிற்கு விலக்கு உண்டு. 0.8 மீட்டர் என்பது ஒருவர் இரு கைகளாலும் எளிதில் தழுவக்கூடிய மரத்தின் அளவுதான். புதிய வீடமைப்புத் திட்டங்களில் பத்து விழுக்காட்டு நிலம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும் என்னும் திட்டமிடல் வழிகாட்டியும் உள்ளது. ஆயினும் திறந்தவெளி என்பது நிழல்வெளி ஆகாது. புல் மட்டும் விரிந்த திடலில் நண்பகலில் எந்தக் குழந்தையும் விளையாடாது.

இவற்றை நம்மவருட் பலர் அறிந்திரார். சட்டம் மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வெட்டப்படும் மரமோ நம் வாசலில் நிற்கிறது. இத்தகைய விதிகளை எளிய தமிழில் எழுதிக் குடியிருப்பாளர் சங்கங்களுக்கும் கோயிற் பொறுப்பாளர்களுக்கும் வழங்குவது மொழி மன்றங்கள் ஏற்கத்தக்க பணி என்று பணிவுடன் முன்வைக்கிறோம்.

எதனை நடுவது, எவ்வாறு நடுவது?

கெடாவுக்குரிய சிக்கல் ஒன்று இங்குண்டு. பால்மரம் வறட்சிக் காலத்தில் இலை உதிர்க்கும் இயல்புடையது. வடக்கே வறட்சி தெளிவாக இருப்பதால் இங்கு அவ்வுதிர்வு மிகுதி. அதே மாதங்களில் அறுவடை முடிந்த முடா வயல்வெளியும் வறண்டு கிடக்கிறது. ஆண்டின் கடும் வெயில் தொடங்கும் வேளையில் நாட்டுப்புறத்தின் பசுங்குடையும் நீர்ப்பரப்பும் ஒருசேரச் சுருங்குகின்றன. ஆகையால் நகரத்தில் நடும் மரம் அம்மாதங்களிலும் இலை தாங்கி நிற்பதாக இருத்தல் வேண்டும்.

அத்தகைய மரங்களுக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. புன்னை, மகிழம், நாவல், மா, வேம்பு ஆகிய ஐந்தும் இம்மண்ணில் வளர்வன. பசுமை பெரிதும் மாறாதன. நம் இலக்கியமும் இல்லமும் அறிந்தவை. புன்னையை மலாயர் பெனாகா என்பர். ஜார்ஜ்டவுன் எழுந்த முனையின் பழம்பெயரே தஞ்சோங் பெனாகா. அகன்ற திடலுக்கும் பெருஞ்சாலைக்கும் தூங்குமூஞ்சி மரம் ஏற்றது. மாலையில் இலை மடிப்பதால் மலாயர் அதற்குப் புக்குல் லீமா, அதாவது ஐந்து மணி, என்று பெயரிட்டனர். அதன் குடை மிகப் பரந்தது. ஆகவே குறுகிய தெருவுக்கு அது பொருந்தாது. அலங்காரத்திற்காக வரிசையாக நடப்படும் பனையினங்களோ நிழலில் மிகக் குறைந்தவை.

ஒரே இனத்தை எங்கும் நடுவதும் தகாது. பிரேசிலில் ஹென்றி ஃபோர்டின் ரப்பர்த் தோட்டங்கள் இலைக்கருகல் நோயால் அழிந்த வரலாறு, ஓரினப் பயிரின் ஆபத்தை உலகுக்கு உணர்த்தியது. ஒரு தெருவில் நோய் வந்தால் அடுத்த தெருவேனும் நிழலோடு நிற்க வேண்டும். மரங்களை அடர்த்தியாக நெருக்கிக் காற்றோட்டத்தை அடைத்துவிடுவதும் ஈரம் மிகுந்த நம் நகரங்களுக்கு நன்றன்று.

நடும் முறையில் தோட்டம் நமக்கு முழுப் பள்ளியாக இருந்தது. நாற்று மேடை அமைத்தல், ஒட்டுக்கட்டுதல், குழி எடுத்து மண்ணைப் பண்படுத்துதல், வரிசைகளுக்கிடையே பயற்றுக் கொடிகளைப் படரவிட்டு ஈரம் காத்தல், மண் அரிக்காமல் வாய்க்கால் வெட்டுதல் என அனைத்தும் நம் மக்கள் நாள்தோறும் செய்த வேலைகள். பால்மரம் கத்திக்குத் தயாராக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்து காத்திருந்தார்கள். முதிர்ந்த மரத்திற்கு மாற்று எப்போது நட வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்கள். ஆனால் நகரங்களிலோ நடுவிழாவுக்குப் பின் கன்றை மறந்துவிடுகிறோம். 2021-இல் தொடங்கிய தேசியப் பசுமைத் திட்டம் ஐந்தாண்டுகளில் பத்துக் கோடி மரங்களை இலக்காகக் கொண்டது. நட்ட கன்றுகளை எண்ணுவது எளிது. ஐந்தாம் ஆண்டில் உயிரோடு நிற்பவற்றை எண்ணுவதே உண்மைக் கணக்கு.

தடைகளும் விடைகளும்

மரம் வேண்டாம் என்பவர்களின் காரணங்களை இகழ்ந்து ஒதுக்க இயலாது. வேர் வாய்க்காலை உடைக்கிறது. சருகு கால்வாயை அடைக்கிறது. புயற்காற்றில் கிளை வண்டியின்மேல் விழுகிறது. இவை மெய்யான துன்பங்கள். அவற்றுட் பல, இடத்துக்கு ஒவ்வாத மரத்தை நட்டதாலும், வேருக்கு ஒரு சாண் மண் மட்டும் விட்டுச் சுற்றிலும் கற்காரை பூசியதாலும், நெடுநாள் கவாத்துச் செய்யாமல் விட்டு ஒருநாள் தலையைக் கொய்ததாலும் விளைபவை. வேருக்கு மண்ணும், மரத்துக்குப் பயிற்சி பெற்ற கையும் கிடைத்தால் பெரும்பகுதி தீரும்.

பிற நகரங்கள் இதனைச் செய்து காட்டியுள்ளன. சிங்கப்பூரில் 1963 சூன் 16 அன்று லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரத்தை நட்டு மரநடுகை இயக்கத்தைத் தொடக்கினார். அன்று முதல் அந்நகரம் மரத்தைச் சாலையின் உறுப்பாகவே கருதிற்று. கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2016 முதல் 2019 வரை 30 பசுமைத் தடங்களை அமைத்தது. அவ்விடங்களில் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி தணிந்ததாக அறிவிக்கப்பட்டது. நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி மற்றொன்று. அத்தடங்களைப் பேண, வறிய குடும்பத்தாரைத் தேர்ந்து, நகரின் தாவரவியல் தோட்டத்தில் பயிற்சியளித்துத் தோட்டக்காரராக்கினார்கள். நம் அண்டையிலேயே, பினாங்குத் தீவில், பன்னாட்டுத் தகவமைப்பு நிதியத்தின் ஒரு கோடி அமெரிக்க டாலர் உதவியுடன் நகர வெப்பத்தையும் வெள்ளத்தையும் இயற்கை வழியில் தணிக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது. பாலத்தைக் கடந்தால் காணக்கூடிய முயற்சி அது.

நாம் செய்யத்தக்கவை

மூன்று பணிகளை இந்த அவையின் முன் வைக்கிறோம். முதலாவது, நம் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றும் தன் மாணவர் நடந்துவரும் வழியின் நிழற்படத்தை வரையலாம். நண்பகலில் எங்கே நிழல் உண்டு, எங்கே இல்லை என்று மாணவரே அளந்து குறிக்கட்டும். அறிவியலும் கணிதமும் தமிழும் அதில் ஒருங்கே பயிலப்படும். இரண்டாவது, அந்தப் படத்தைக் கையிற்கொண்டு சுங்கைப்பட்டாணி, கூலிம் நகராண்மைக் கழகங்களையும் அலோர்ஸ்டார் மாநகர் மன்றத்தையும் அணுகலாம். எங்கள் பகுதிக்கு மரம் தாருங்கள் என்று பொதுவாகக் கேட்பதைவிட, இந்த நிறுத்தத்துக்கும் அந்தப் பள்ளி வாயிலுக்கும் இடையே நிழல் வேண்டும் என்று கேட்பது வலுவுடையது. மூன்றாவது, தோட்டத்தில் மரம் வளர்த்த மூத்தோரிடம் எஞ்சியுள்ள அறிவை, அவர்கள் வழங்கிய சொற்களோடு எழுதிப் பாதுகாத்து, இளையோரின் கையில் நாற்றாக ஒப்படைக்கலாம். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

நிழல் என்னும் சொல்லுக்குத் தமிழில் காப்பு என்றும் பொருளுண்டு. குடைநிழல், தாள்நிழல் என்றெல்லாம் வழங்கிய நம் முன்னோர், வலியவர் எளியவர்க்குத் தரும் காவலை அச்சொல்லால் குறித்தனர். இன்றைய நகரில் அந்தக் காவலைத் தர வேண்டியவர்கள் ஊராட்சி மன்றத்தாரும் குடிமக்களாகிய நாமும். அடுத்த வறட்சிக்கு முன் மழை மாதங்கள் வரும். கன்று ஊன்ற ஏற்ற காலம் அதுவே. அதற்குள் எந்தத் தெருவில், எந்த மரத்தை, யார் பொறுப்பில் என்பதை முடிவு செய்துகொள்வோம்.